கை கிட்டத்தான் தெரிந்தது, மதினி

எனக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிட்ட என் அருமை மதினிக்கு, பதுளையிலிருந்து உங்கள் தம்பி பெண்சாதி சிவகாமி கைப்பட எழுதுவது.

நீங்கள் போய் இரண்டு திவசம் முடிந்துவிட்டது. இந்த இரண்டு வருசமும் உங்களை நினைத்தால் முதலில் கோபம்தான் வரும். அதற்குப் பிறகுதான் அழுகை. இப்போது கோபம் இருந்த இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. அது என்ன என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது உங்களைத் தாழ்த்திப் பேசினேன். இதையும் ஆட்கள் அறியத்தான் சொல்ல வேண்டும். பத்திரிகைக்கும் அனுப்புகிறேன், அவர்கள் போட்டால் போடட்டும். போடாவிட்டால் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் உட்கார்ந்து நானே வாசிக்கிறேன்.

பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகாதவள் நான். பாராயணப் புத்தகத்தில் மனப்பாடமான பாட்டுகளைச் சொல்லிக்கொண்டே எழுத்தின் மேல் விரலை ஓட்டி, எந்தச் சத்தத்துக்கு எந்த எழுத்து என்று நானாகப் பிடித்துக்கொண்ட படிப்பு இது.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் தம்பி சுகம். கடை திறந்திருக்கிறது, உள்ளே சாமான்தான் இல்லை. சீனி கூப்பனுக்கு மட்டும் என்பதால் எல்லோரும் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறோம். மூத்தவள் சாந்தி கொஸ்லந்தையில் மாமியார் வீட்டில் நன்றாக இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். சின்னவள் வசந்தாதான் என் கண்ணுக்கு மருந்து விடுகிறாள்.

ஆமாம், எனக்கும் கண்ணில் புரை விழுந்தது மதினி. சாமி படத்துக்கு முன்னால் நின்றால் முருகன் எது மயில் எது என்று தெரியாமல் போனது. வலது கண்ணுக்குக் கத்தி வைத்தார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை, இரண்டு கண்ணிலும் கட்டு. அசையக் கூடாது, இருமக் கூடாது, யாராவது கஞ்சி ஊட்டினால் வாயை மட்டும் திறக்கலாம். நீங்கள் அப்படிக் கிடந்தபோது நான் பார்க்க வந்தேனே, ஞாபகமா? "படுத்துக் கெடக்குறதுக்கு என்ன மதினி கஷ்டம், ராணி மாதிரி" என்று சொல்லிவிட்டு வந்தேன். ராணி எப்படிக் கிடந்தாள் என்று எனக்கு எட்டு நாளில் தெரிந்தது.

ஒன்றரை மாசம் கழித்துக் கண்ணாடி கொடுத்தார்கள். வலது பக்கம் சோடாப் போத்தலின் அடி மாதிரித் தடிப்பு, இடது பக்கம் சும்மா கண்ணாடி. போட்டதும் முருகனும் மயிலும் தனித்தனியாக வந்துவிட்டார்கள். குங்குமம் இவ்வளவு சிவப்பு என்பதை மறந்தே போயிருந்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்கிவிட்டுத் திரும்பினால், கதவு நிலை வில்லாக வளைந்து நிற்கிறது. தரை மேலே எழும்பி வருகிறது. வசந்தா எங்கிருந்தோ குதித்த மாதிரி என் முன்னால் முளைக்கிறாள். தலை சுற்றிக் கதவைப் பிடிக்கப் போனேன், கதவு அங்கே இல்லை. இதெல்லாம் உங்களுக்கும் நடந்ததா? நடந்திருக்கும். நீங்கள் சொல்லியும் இருப்பீர்கள். நாங்கள் யாராவது காது கொடுத்தோமா?

மறுநாள் காலை உங்கள் தம்பிக்குத் தேத்தண்ணி எடுத்துப் போனேன். அவர் கையை நீட்டினார். வாங்கிவிட்டார் என்றுதான் விட்டேன். கோப்பை அவர் மடியில் விழுந்தது.

"ஐயோ, சுடுதுடி!" என்று எழும்பிக் குதித்தார். பிறகு வேட்டியை உதறிக்கொண்டு சிரித்தார். "என்னடி இது, எங்க அக்கா மாதிரியே..."

அதோடு நிறுத்திக்கொண்டார். கூடத்தில் அதே இடம் மதினி. நான்கு வருசத்துக்கு முன் நீங்கள் தாம்பூலத் தட்டோடு நின்ற அதே இடம்.

வாசிக்கிறவர்களுக்கு அந்த நாள் தெரியாது, அதனால் சொல்கிறேன். என் சாந்திக்கு நிச்சயம் நடந்த நாள். பெண்ணின் அத்தைதான் முதல் தட்டை எடுத்து மாப்பிள்ளையின் தாய் கையில் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா நீங்கள் ஒருவர்தான். ஆனால் அதே சாந்தியை உங்கள் மகன் செல்வத்துக்குக் கேட்டவரும் நீங்கள்தான். முறைப்பெண், உரிமைப்பெண். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தோட்டத்துக்குக் கொடுக்க மாட்டேன், டவுனுக்குத்தான் கொடுப்பேன் என்று மறுத்தவள் நான். நீங்கள் அதை விழுங்கிக்கொண்டு, பூனாகலையிலிருந்து பஸ் ஏறி, பட்டுச்சேலை கட்டி, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தீர்கள். கண்ணாடிக்கு அப்போது பத்து நாள் வயசு.

தட்டை எடுத்தீர்கள். சம்பந்தியம்மாவைப் பார்த்துச் சிரித்தீர்கள். அவர் கை வந்து சேர்வதற்கு முன்னால் விட்டுவிட்டீர்கள். தேங்காய் உருண்டு ஓடியது. குங்குமம் அவர் சேலையெல்லாம் கொட்டியது. வெற்றிலை சபை நடுவில் சிதறிக் கிடந்தது.

"கை கிட்டத்தான் இருந்துச்சு சிவகாமி" என்றீர்கள்.

நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். "பொண்ணு குடுக்கலைன்னா தட்டைப் போட்டு ஒடைப்பீங்களா? கண்ணாடியும் போட்டுக்கிட்டுக் கண்ணு தெரியலைன்னு கதையும் சொல்றீங்களே!"

நிச்சயம் நடந்தது, கல்யாணமும் நடந்தது. நீங்கள் அதற்குப் பிறகு எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. இரண்டு வருசத்தில் நெஞ்சுச் சளி கண்டு போய்விட்டீர்கள். பொறாமையில் தட்டைப் போட்டவள் என்ற பேர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

தேத்தண்ணி கொட்டிய அந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போனேன். கண் வார்ட்டு நர்ஸ் மிஸ்ஸி சிங்களப் பிள்ளை, தமிழ் நன்றாகப் பேசும். "அம்மா, கண்ணுக்குள்ள இருந்த வில்லையை எடுத்தாச்சு. இப்ப இந்தத் தடிக் கண்ணாடிதான் வில்லை. எல்லாம் பெருசாத் தெரியும். பெருசாத் தெரியுறதால கிட்ட இருக்குற மாதிரித் தெரியும். ஓரத்துல வர்ற ஆள் தெரியாது. கண்ணை மட்டும் திருப்பாம தலையோட திருப்பிப் பாருங்க" என்றது.

"எல்லாருக்கும் இப்படியா மிஸ்ஸி, எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான். புதுசுல எல்லாருமே தேத்தண்ணிய ஊத்துவாங்க."

"பத்து நாள்ல பழகிருமா?"

அந்தப் பிள்ளை சிரித்தது. "பத்து நாளா? மாசக்கணக்குல ஆகும் அம்மா."

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, வெளியே போட்டிருந்த நீள மர வாங்கிலில் வந்து உட்கார்ந்தேன். வசந்தா, "தலை சுத்துதாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அன்றைக்கு உண்மையாகவே தலை சுற்றவில்லை. பத்து நாள் கண்ணாடியோடு ஒரு கூடம் நிறைய ஆட்களுக்கு நடுவில், கையில் கனத்த தட்டோடு நின்ற உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் இன்னொரு செய்தி வந்தது. பூனாகலையில் கணக்கப்பிள்ளை வேலையிலிருந்து நின்றுவிட்ட உங்கள் வீட்டுக்காரருக்கும் செல்வத்துக்கும் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற பட்டியலில் பேர் வந்துவிட்டது, பாஸ்போட்டும் கைக்கு வந்தாயிற்று, அடுத்த மாசம் தலைமன்னார் ரயில் ஏறுகிறார்கள் என்று கடைக்கு வந்த ஆள் சொன்னார். போய்விட்டால் திரும்பி வருகிற வழி இல்லை. நான் உங்கள் தம்பியிடம் சொன்னேன்: "நான் பூனாகலைக்குப் போகணும்."

"இப்ப அதைக் கெளறி என்னடி ஆகப் போகுது? அக்கா போய்ச் சேர்ந்துட்டா."

"அவங்க மகன் போய்ச் சேரலையே."

"தலை சுத்துதுன்னு தண்ணி பைப்படிக்கே போக மாட்டேங்குற. பூனாகலைக்குப் போறாளாம்! அந்தத் தோட்டத்துப் படி ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அதனால் மறுநாளிலிருந்து படி பழகினேன். பூசை முடிந்ததும் எங்கள் வாசலின் மூன்று படியில் இருபது தடவை ஏறி இருபது தடவை இறங்குவேன். படி பக்கத்தில் தெரியும், கால் வைத்தால் கிடைக்காது. பக்கத்து வீட்டு ஹாஜரா ராத்தா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "என்ன சிவகாமி, கொக்கு மாதிரிக் கால் தூக்குறீங்க? மீனா தேடுறீங்க?" என்று கேட்டார்.

"மீன் இல்ல ராத்தா, படியத் தேடுறேன்."

"கெடைச்சா சொல்லுங்க, நானும் வாறேன்" என்றார். ஆனால் அடுத்த நாளிலிருந்து அந்த நேரத்துக்குத் தவறாமல் வேலியோரம் வந்து நின்றார், நான் விழுந்தால் சத்தம் போட ஒரு ஆள் வேண்டும் என்று.

படிக்குப் பிறகு கை. பெரிய தொட்டிக்கு மேலே இரண்டு செம்பை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன். முதல் நாள் பாதி வெளியே. கண் காட்டுகிற இடத்தைத் தாண்டி இன்னும் ஒரு சாண் போனால்தான் உண்மையான இடம் என்று மெதுவாகப் பிடிபட்டது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது இடது கையால் விளக்கின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு வலது கையால் ஊற்றப் பழகினேன். சாமிக்கு முன்னால் தரையில் எண்ணெய் கொட்டிய நாட்களில் தோப்புக்கரணம் போட்டேன். அதிலும் தலை சுற்றியது.

வீட்டுக் கணக்கு எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில் தலைசுற்றலுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். சுற்றும்போதெல்லாம் ஒரு கோடு. முதல் கிழமை ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து. மூன்றாம் கிழமை நாலு. நாலு வந்ததும் கொப்பியை உங்கள் தம்பிக்குக் காட்டினேன். கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை காலை ரயில்ல போ. வசந்தாவைக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் வந்திருக்கணும்" என்றார். ஆனால் வரவில்லை. அவருக்குப் பயம் மதினி. உங்கள் மகன் முகத்தைப் பார்க்கப் பயம்.

ரயிலில் தெமோதரை வரைக்கும் சமாளித்துவிட்டேன். அங்கே ரயில் மலையைச் சுற்றிக்கொண்டு தன் வழிக்கு மேலேயே வருமே, அந்த இடத்தில் மலை சுற்றுகிறதா, பெட்டி சுற்றுகிறதா, என் தலை சுற்றுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண்ணை மூடி ஆறெழுத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எல்ல ஸ்டேஷன் தாண்டியதும் வடைக்காரர் வந்தார். வடையை வாங்கக் கை நீட்டி வெறும் காற்றைப் பிடித்தேன். "அம்மா, வடை இங்க இருக்கு, நீங்க பண்டாரவளையப் புடிக்கிறீங்க" என்றார். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கலாம் மதினி, வடை விழுந்தால் சிரிக்கலாம். உங்கள் கையிலிருந்து விழுந்தது தாம்பூலத் தட்டு.

பண்டாரவளையில் பஸ் மாறிப் பூனாகலையில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. உங்கள் வீட்டுக்கு ஏறும் கல்படி அப்படியேதான் இருக்கிறது, உயரம் உயரமாக, ஒன்றுக்கொன்று ஒவ்வாமல். வசந்தா கையைப் பிடிக்க வந்தாள். வேண்டாம், பின்னால் வா என்றேன். தேயிலைக் கொழுந்தை எடைக்கு நிறுத்துவிட்டு இறங்கி வந்த பெண்கள் ஒதுங்கி நின்று, "மெதுவா வாங்கம்மா, மெதுவா" என்றார்கள். பாதியில் சுற்றல் வந்தது. அதே படியில் உட்கார்ந்தேன். அடங்கியதும் எழும்பினேன். நீங்கள் அந்தக் கண்ணாடியோடு இந்தப் படியில் எப்படி ஏறி இறங்கினீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை தரம்?

வீடு முழுவதும் பெட்டி. செல்வம் ஒரு மரப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "வாங்க" என்றான். மாமி என்று சேர்க்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை, வாங்கிலில் இருந்து, "யாரு, சிவகாமியா? என்னம்மா கண்ணுல இவ்வளவு பெரிய கண்ணாடி?" என்றார். வசந்தாதான் பதில் சொன்னாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வாய் வராது என்று தெரியும்.

"தம்பி, ஒங்கம்மா அந்தத் தட்டை வேணும்னு போடலை" என்றேன்.

சுத்தியல் நின்றது.

மிஸ்ஸி சொன்னதைச் சொன்னேன். தேத்தண்ணி கொட்டியதைச் சொன்னேன். பத்து நாள் கணக்கைச் சொன்னேன். நான் அன்று சொன்ன வார்த்தைகளை ஒரு எழுத்து குறைக்காமல் அவன் முன்னால் திருப்பிச் சொல்லி, அது தப்பு என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஆணிகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு பேசினான். அதை நான் எதிர்பார்க்கவில்லை மதினி. நீங்களும் அறிந்திருக்க மாட்டீர்கள்.

"அம்மா வேணும்னுதான் செஞ்சிச்சின்னு நானும் நெனச்சேன் மாமி. எனக்குப் பொண்ணு கெடைக்கலைங்கற ஆத்திரத்துல செஞ்சிருச்சின்னு. என்னாலதானே இந்த அசிங்கம்னு அதுகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசலை. சாகுற வரைக்கும் பேசலை. கை கிட்டத்தான் இருந்துச்சு, கை கிட்டத்தான் இருந்துச்சுன்னு அது சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. கண்ணாடி போட்டுக்கிட்டுக் கண்ணு தெரியலைன்னா யாரு நம்புவா?"

யாரு நம்புவா. நான் அன்று கேட்டதும் இதைத்தானே?

அவன் உள்ளே போனான். முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் தேத்தண்ணி. என் முன்னால் நீட்டினான். நான் வாங்கக் கை நீட்டினேன். சத்தியமாக நடிக்கவில்லை மதினி. படி ஏறிய களைப்பில், பேசிய படபடப்பில், அந்த ஒரு சாண் கணக்கு மறந்துபோனது. என் கை கோப்பைக்கு இந்தப் பக்கமே காற்றில் மூடிக்கொண்டது.

செல்வம் அசையவில்லை. கோப்பையையும் என் கையையும், நடுவில் கிடந்த வெறும் இடத்தையும் பார்த்தான்.

"இவ்வளவு தூரமா மாமி?"

"இவ்வளவு தூரந்தான் தம்பி."

கோப்பையை என் விரலுக்குள் வைத்து, வெளியே தன் கையையும் பொத்திக்கொண்டான். அண்ணன் வாங்கிலில் இருந்தபடியே, "அந்தக் கண்ணாடிய நாந்தான் வாங்கிக் குடுத்தேன். நல்லாப் பாக்கட்டும்னு" என்றார்.

புறப்படும்போது செல்வம் படியில் எனக்கு முன்னால் ஒவ்வொரு படியாக இறங்கினான், பின்பக்கமாக, என்னைப் பார்த்துக்கொண்டே. ரோட்டுக்கு வந்ததும் சொன்னான்: "நாங்க போயிருவோம் மாமி. அம்மா இங்கதான் கெடக்கும். இங்க இருக்குறவங்க அதப் பத்திப் பழைய பேச்சத்தான் பேசிக்கிட்டு இருப்பாங்க."

"நான் இருக்கேன்ல" என்றேன்.

போன கிழமை அவர்கள் பண்டாரவளையில் ரயில் ஏறிவிட்டார்கள். பதுளையிலிருந்து உங்கள் தம்பியும் வந்தார், பயத்தை விட்டுவிட்டு. மாமனும் மருமகனும் பிளாட்பாரத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைத் தடிக் கண்ணாடியில் மிகவும் பெரிதாகப் பார்த்தேன்.

நான் செல்வத்துக்குச் சொன்ன சொல் இருக்கிறது. அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று உங்கள் தம்பியும் நானும் உட்கார்ந்து ஒவ்வொருவராக ஞாபகப்படுத்தி எழுதினோம். முப்பத்து நாலு பேர். ஐந்து பேர் செத்துவிட்டார்கள், ஆறு பேர் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். போனவர்களுக்குக் கடிதம் போடுகிறேன். மீதி இருபத்து மூன்று பேரையும் நேரில் பார்ப்பேன். முதலில் கொஸ்லந்தைச் சம்பந்தியம்மா, வருகிற வெள்ளிக்கிழமை. அவர் சேலைதான் பாழானது, அவர்தான் முதலில் கேட்க வேண்டும். "இப்ப எதுக்கு சம்பந்தி அந்தப் பேச்சு?" என்பார். கேட்காமல் நான் எழும்ப மாட்டேன்.

இடது கண்ணுக்கும் கத்தி வைக்க வேண்டுமாம். மறுபடி மணல் பை, மறுபடி கட்டு, மறுபடி தரை எழும்பும், கதவு வளையும். வளையட்டும். தலை சுற்றினால் சுற்றிய இடத்தில் உட்காருவேன், அடங்கியதும் நடப்பேன். கடைசி ஆள் வாயிலிருந்து, "அப்ப அந்தம்மா மேல தப்பே இல்லையா?" என்ற கேள்வி வருகிற வரைக்கும் போவேன். "இல்லை, தப்பு என் மேல" என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் படி இறங்குவேன். விளக்கு முன்னால் நின்று உங்களுக்குத் தருகிற வாக்கு இது.

நாலு வருசம் பிந்தி உங்களை நம்பிய,
உங்கள் தம்பி பெண்சாதி
சிவகாமி